விற்காத பெயர்

லெ சான்டியே,
பிப்ரவரி, ஞாயிறு.

அன்புள்ள அர்மான்,

நீ ஃபின்லாந்திலிருந்து அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. உடனே பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. அதை முடிந்தவரை தள்ளிப்போடத்தான் பார்க்கிறேன். முதலில் ஊர்ச் செய்தி. ஏரி உறைந்துவிட்டது. நேற்று பள்ளத்தாக்கே சறுக்க வந்திருந்தது. கூரைப் பனியைத் தள்ள ஆள் சொல்லியிருக்கிறேன். வாஷ்ரான் பாலாடைக்கட்டியை அடுப்பில் உருக்கி, உருளைக்கிழங்கோடு சாப்பிட்டேன். ஒரு பெட்டி ஒருவருக்கு அதிகம்.

உன் பட்டறையை வாங்கிய கம்பெனி நன்றாக நடக்கிறது. இதை உனக்கு எழுதுவது எனக்குச் சங்கடம். விற்றுவிடு என்று உன்னை நச்சரித்தவள் நான். 'நீ போயிட்டா பட்டறையும் உன்கூடவே போயிடும், பேராவது நிக்கட்டும்' என்று சொன்னேன். நீ கையெழுத்துப் போட்டாய். அர்மான் மோனியே என்ற பெயர் அவர்களுடையதாயிற்று. கொஞ்ச காலத்தில் நீ அவர்களுக்கு வேண்டாதவன் ஆனாய். இனி எந்தக் கடிகாரத்திலும் உன் பெயரையோ, நீ கீறுகிற அந்தச் சின்ன மீன் அடையாளத்தையோ போட உனக்கு உரிமை இல்லை. நான் மட்டும் அங்கேயே தங்கிவிட்டேன், உன் பழைய கடிகாரங்களுக்குக் காவலாக. வரலாறு படித்தவளுக்கு அது பொருத்தமான வேலை என்று எல்லோரும் சொன்னார்கள்.

நீ போனபின் செய்த கடிகாரங்களை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். குறை கண்டுபிடிக்கவே பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. சில விளிம்புகள் நீ மெருகிட்டதைவிடச் சுத்தம். நான் சொன்னது பலித்துவிட்டது. அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

உன் மேஜையை வாசலில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். உன் பழைய ஏப்ரனைக் கேட்டார்கள், கொடுத்தேன். வருகிறவர்களிடம் வழிகாட்டிப் பெண், நிறுவனரின் ஆன்மா இங்கேதான் உலவுகிறது என்கிறாள். உன் பக்கத்து மேஜை நதேழின் வாய் மாறவே இல்லை. 'ஆளு ஃபின்லாந்துல குத்துக்கல்லாட்டம் இருக்காரு, ஆவி மட்டும் இங்க எப்படி வந்துச்சாம், ரயில்லயா?' என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். அப்புறம் அந்த ஏப்ரனைப் பார்க்கக் கூசியது.

இனியும் தள்ளிப்போட முடியாது. போன திங்கள், நீ பார்சலில் அனுப்பிய கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். வீரம் என்று நினைக்காதே, கழற்ற மறந்துவிட்டேன். டயலில் ஓர் எழுத்துகூட இல்லாததுதான் இயக்குநர் துவாலின் கண்ணில் பட்டது. யார் செய்தது என்று கேட்டார். பரிசு என்றேன். 'தன் அடையாளத்த டயலுக்கு அடியில கீறாம எந்தக் கடிகாரக்காரன் விட்டிருக்கான், மதாம்? மீன் இருந்துச்சுன்னா வக்கீல்கிட்ட போக வேண்டியதுதான். திறந்து பாத்துடலாமா?' என்றார். மரியாதையாகத்தான் கேட்டார்.

ஒரே ஒரு முறைதான் கேட்டார், அர்மான். முடியாது என்று சொல்லியிருக்கலாம். என் கை, என் கடிகாரம். நான் வாரை அவிழ்த்து அவரிடம் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று வாரம் முழுக்க யோசித்தேன். வேலை போய்விடும் என்ற பயம் கொஞ்சம். அதைவிட, உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கே பார்க்க வேண்டியிருந்தது. மீன் இருந்திருந்தால், நீ அங்கே புதிதாகத் தொடங்கியிருக்கும் பட்டறையை மூட வைத்திருப்பார்கள். அது தெரிந்தும் கொடுத்தேன்.

திறக்க நதேழைக் கூப்பிட்டார்கள். 'தள்ளி நில்லுங்க சார், உங்க மூச்சு படுது' என்று துவாலை விரட்டிவிட்டு, முட்களை எடுத்து, டயலைத் தூக்கினாள். குனிந்து பார்த்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். 'மீனும் இல்ல, மோனியேவும் இல்ல. எலியான் ரொஷான்னு போட்டிருக்கு' என்றாள். கல்யாணத்துக்கு முன் நான் எழுதிக்கொண்டிருந்த பெயர். துவால் லென்ஸை வாங்கித் தானும் பார்த்தார். அப்படியானால் செய்தது நீங்கள்தானா என்று கேலியாகக் கேட்டார். ஆமாம் என்றேன். மூக்குக்கண்ணாடியின் திருகைக்கூட முடுக்கத் தெரியாத நான்! 'நல்லாத்தான் செஞ்சிருக்காங்க, விளிம்புல மட்டும் கொஞ்சம் அவசரம்' என்று சொல்லி நதேழ் டயலை மூடிவிட்டாள்.

இந்த மாதத்தோடு நின்றுகொள்கிறேன் என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன். ஏப்ரனைத் திருப்பிக் கேட்டேன். அது கம்பெனிச் சொத்தாம்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அன்பினால் என் பெயரைக் கீறினாயா, இல்லை, கேட்டால் இவள் கழற்றிக் கொடுத்துவிடுவாள் என்று தெரிந்து கீறினாயா? இரண்டாவது என்றால் என்னை நீ சரியாகத்தான் புரிந்துவைத்திருக்கிறாய். இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

அடுத்த கடிகாரத்தை ஆரம்பித்திருப்பாய். டயலை இனி வெறுமையாக விடாதே, பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. என் பெயரை வெளியிலேயே போடு. அதை நான் யாருக்கும் விற்கவில்லை.

அங்கே குளிர் இங்கிருப்பதைவிடக் கடுமை என்கிறார்கள். கையுறை இல்லாமல் வெளியே போகாதே. உன் விரல்கள் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
எலியான் ரொஷா