பதினாறாம் நாளுக்குக் கேட்ட போட்டோ

அண்ணனுக்கு,

நல்லா இருக்கீங்களான்னு கேக்க மனசு வரல. பதினாறாம் நாள் காரியத்துக்கு அம்மா போட்டோவை அனுப்பச் சொல்லியிருக்கீங்க. கூட இருக்கற புள்ளையை வெட்டிட்டு, அம்மாவை மட்டும் பெருசாக்கி மாட்டிக்கிறீங்களாம்.

கடத்தூர் பள்ளிக்கூடத்துல அம்மா ரிட்டயர் ஆன அன்னைக்கு எடுத்தது அது. டீச்சருக்குப் போட்ட மாலையைக் கழட்டி என் மக ஷகிலாவுக்குப் போட்டுவிட்டு, அவளை மடியில வெச்சுக்கிட்டாங்க.

போன வாரம் அம்மாவைச் சுத்திப் பேரப்புள்ளைங்க எல்லாம் நெய்ப்பந்தம் புடிச்சப்ப, அவ கையில இருந்ததை மட்டும் புடுங்கினீங்க. "நூர் பாஷா மவ எங்கம்மாவுக்குப் பந்தம் புடிக்கறதா?"ன்னு ஊரே கேக்கக் கத்தினீங்க. அம்மா படுத்த படுக்கையா கெடந்தப்ப கஞ்சி ஊட்டினது அந்தக் கைதாங்க. பெங்களூர்லருந்து ஒரு நாள் எட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். அப்ப உங்களுக்குச் சாதி மதமும் ஞாபகம் வரல, அம்மாவும் ஞாபகம் வரல.

போட்டோ இதோட இருக்கு. கத்தரிக்கோலை எடுத்துக்குங்க. எப்படி வெட்டினாலும் அம்மாவோட ரெண்டு கையும் போயிரும். ரெண்டும் அவளைத்தான் கட்டிப் புடிச்சிருக்கு.

இப்படிக்கு,
தங்கச்சின்னு போட இஷ்டமில்ல,
அவளைப் பெத்தவ.