தாழ விழுந்த குண்டுகள்

என் பிரியமுள்ள மதினிக்கு,

நம் ஸ்ரீவைகுண்டத்து வயல் வாழை இந்தத் தடவை காற்றுக்குத் தப்பிவிட்டது. தார் வெட்டியாயிற்று. அண்ணன் சமைக்கப் பழகுகிறான். சொதியில் இஞ்சியை அள்ளிப் போட்டுவிட்டு என் முகத்தையே பார்க்கிறான். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவைக்கிறேன். உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன், வாயில் வைக்க முடியவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் உங்களை பி.டி. டீச்சர் என்றுதான் சொன்னார்கள். பாளையங்கோட்டையில் உங்கள் விசிலுக்குப் பயப்படாத பெண்பிள்ளை உண்டா? எனக்கு நினைவில் நிற்பது வேறு. புருஷன் வீட்டை விட்டு ஒற்றைப் பெட்டியோடு நான் வாசலில் வந்து நின்றபோது, என்ன நடந்தது என்று அம்மா கேட்டாள், அண்ணன் கேட்டான். நீங்கள் கேட்கவில்லை. “ஏட்டி செண்பகம், பெட்டிய உள்ள வையி. ஞாயித்துக்கெழம எங்கூட வயலுக்கு வா” என்றீர்கள்.

வாய்க்கால் கரை மண்மேட்டில் கறுப்பு வட்டம் வரைந்த ஓர் அட்டையை நட்டு, உங்கள் காற்றுத்துப்பாக்கியை என் கையில் கொடுத்தீர்கள். “கோவத்த மூச்சுல விடு. வெரல்ல வைக்காத.” அன்று என் குண்டு ஒன்றுகூட அட்டையைத் தொடவில்லை. ஆனால் பல மாதங்களுக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன். நாத்தனாரும் மதினியும் துப்பாக்கியோடு வயலுக்குப் போகிறார்கள் என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

ஐம்பதைத் தாண்டியதும் உங்கள் கண் மாறியது. அட்டையைப் பார்த்தால் குழல் முனையின் குறிமணி மங்குகிறது, மணியைப் பார்த்தால் அட்டை மங்குகிறது என்று சலித்துக்கொண்டீர்கள். அதற்காகத்தான் துப்பாக்கிமேல் பூட்டிக் குறிபார்க்கிற கண்ணாடிக்குழாயை, அந்த ஸ்கோப்பை, வாங்கினீர்கள். குறியும் அட்டையும் ஒரே தெளிவில் தெரிந்ததும் நீங்கள் கூவிய கூவல் மோட்டார் அறை வரைக்கும் கேட்டிருக்கும்.

ஆனால் குண்டு தாழ விழுந்தது. மேலே ஏற்றும் திருகைத் திருகினீர்கள். அதற்குப் பிறகும் தாழத்தான். மறுபடியும் திருகினீர்கள். கடைசியில் திருகு முட்டி நின்றுவிட்டது. அப்போதும் குண்டு, குறிக்கு ஒரு சாண் கீழே. அதைவிட மோசம், ஒவ்வொரு குண்டும் ஒவ்வோர் இடத்தில் விழுந்தது. “திருகு கடேசி வரைக்கும் போயிட்டுன்னா உள்ள இருக்க சுருள்வில்லு தளந்துரும் ளா. பெறவு அதுக்குப் பிடிமானம் கெடையாது” என்று சொல்லி ஸ்கோப்பைக் கழற்றித் துணியில் சுற்றினீர்கள். அடுத்த வாரம் பார்ப்போம் என்றீர்கள்.

அந்த அடுத்த வாரம்தான் உங்களுக்கு வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதன் பிறகு நம் வீட்டில் வேறு பேச்சே இல்லாமல் போனது. மருந்து ஏற ஏற முடி கொட்டியது. அதற்கு நீங்கள் அழவில்லை. விரல்நுனிகள் மரத்துப்போய், சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் நின்ற அன்றுதான் அழுதீர்கள். நான் பொத்தானைப் போட்டுவிட்டேன். “அந்த ஸ்கோப்ப மட்டும் சரி பண்ணிரணும்” என்றீர்கள். வேறு எதையாவது கேட்கமாட்டீர்களா என்று இருந்தது எனக்கு.

கட்டிலில் சாய்ந்தபடி நீங்கள் சொல்லச் சொல்ல என் கை வேலை செய்தது. மடக்கிக் குண்டு போடுகிற துப்பாக்கியில் குழலின் மூக்கு இயல்பாகவே கொஞ்சம் தாழ்ந்திருக்கும், ஸ்கோப்பு மட்டும் நேரே பார்த்துக்கொண்டிருக்கும் என்று விளக்கினீர்கள். ஸ்கோப்பைத் தாங்கும் இரண்டு பிடிகளில் பின்பிடி உயர்ந்தால் ஸ்கோப்பு சற்றுக் கீழே பார்க்கும். அதைக் குறிக்குக் கொண்டுவர நாம் குழலை நிமிர்த்துவோம். அவ்வளவுதான் கணக்கு. குளிர்பான டப்பாவைக் கத்தரித்து ஒரு தகட்டுத்துண்டைப் பின்பிடிக்குள் வைத்தேன். “திருகாணிய ஒரே பக்கமா இறுக்காத. மாத்தி மாத்தி, பைய.” வயலில் சுட்டுப் பார்த்தேன், குண்டு கொஞ்சம் ஏறியது, போதவில்லை. இன்னொரு தகடு வைக்கப் போனேன். வேண்டாம், ஸ்கோப்பின் உடம்பு வளைந்துவிடும் என்று தடுத்தீர்கள்.

பின்பிடியையே உயரமாகக் கடைந்து வாங்குவது என்று முடிவு செய்தோம். மேலப்பாளையம் லேத் பட்டறைக்கு நான் மட்டும் போகிறேன் என்றால் கேட்டீர்களா? தலையில் துணியைக் கட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டீர்கள். பட்டறைக்கார பாய் பழைய பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“துப்பாக்கிக்கா? எதும் வம்பு வந்துராதுல்லாம்மா?”

“காத்துத்துப்பாக்கிதான் பாய். ஒரு குருவியக்கூட சுட்டது கெடையாது. அட்டயத்தான் சுடுதோம்.”

“அட்ட என்னம்மா பாவம் செஞ்சிச்சி?”

நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். சிரிப்பு இருமலாகி நிற்காமல் போனது. பாய் ஓடிவந்து மின்விசிறியை உங்கள் பக்கம் திருப்பினார், தண்ணீர் கொடுத்தார். அதற்குப் பிறகு வம்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் சாய்வு என்று நீங்கள் விரலால் காட்டியதை இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். “நீங்க வீட்டுக்குப் போங்கம்மா. இந்த வேலய முடிச்சிட்டுத்தான் அடுத்த வேலய தொடுவேன்” என்றார்.

புதுப் பிடியைப் பூட்டி, மேல்திருகைப் பழையபடி நடுவுக்குக் கொண்டுவந்து வைத்த அன்று அண்ணன்தான் காரில் வயலுக்கு ஓட்டி வந்தான். ஆனால் உங்கள் பக்கமே வரவில்லை. மோட்டார் அறைக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். எலும்பும் தோலுமாக நீங்கள் துப்பாக்கியைத் தோளில் அணைப்பதைப் பார்க்க அவனால் முடியாது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும். நாம் இருவரும் அவனைக் கூப்பிடவில்லை.

மேசையில் மணல்மூட்டையை அடுக்கித் துப்பாக்கியைச் சாய்த்தோம். குழலை மடக்க உங்களுக்குத் தெம்பில்லை. நான் குண்டு போட்டுக் கொடுத்தேன். “எம் வெரல் எங்கன இருக்குன்னு பாத்துச் சொல்லு ளா. எனக்குத் தெரிய மாட்டேங்கு” என்றீர்கள். உங்கள் விரலைப் பிடித்து விசைமேல் வைத்தேன். பச்சைக்குழந்தையின் விரல் மாதிரி என் கைக்குள் கிடந்தது. பிறகு நான் விலகிக்கொண்டேன்.

முதல் குண்டு குறிக்கு மேலே போயிற்று. மேலே, மதினி! இத்தனை நாள் தாழவே விழுந்தது, அன்றைக்கு மேலே போயிற்று. நீங்கள் சொன்னபடி நான் திருகைக் கீழ்ப்பக்கம் கொஞ்சம் இறக்கினேன். அடுத்தது ஒட்டி விழுந்தது. அதற்கடுத்தவை கறுப்பு வட்டத்துக்குள்ளேயே நெருங்கி நெருங்கி விழுந்தன. கடைசிக் குண்டுக்குப் பிறகு நெடுநேரம் ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை நீங்கள். “போதும் ளா. வந்துட்டு” என்றீர்கள். என்ன வந்துவிட்டது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமோ?

ஐப்பசி மழையில் ஆற்றில் வெள்ளம் வந்த வாரம் நீங்கள் போனீர்கள். அண்ணன் உங்கள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் பிடித்திருப்பது உங்களுக்குத் தெரிந்ததா?

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தானாக வந்து கேட்டான். “செண்பகம், அவ துப்பாக்கிய வயலுக்குக் கொண்டு போவமா?” நான் எடுத்துக் காரில் வைத்தேன். மண்மேட்டில் அட்டையை நட்டுவிட்டுத் திரும்பினால், உங்கள் நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்திருக்கிறான். குண்டு போடச் சொல்லவில்லை. ஸ்கோப்பில் மட்டும் கண்ணை வைத்தான்.

“ஒண்ணும் தெளிவா இல்லியே ளா. புகையா தெரியுது.”

“கண்ணு வைக்கிற பக்கம் ஒரு வளையம் இருக்குல்லா அண்ணே, அதத் திருப்பு. அவங்க கண்ணுக்குத் தக்கன வச்சது. ஒன் கண்ணுக்கு மாத்திக்கிடணும்.”

வளையத்துக்குப் போன கை அப்படியே நின்றுவிட்டது. “இது அவ திருப்பி வச்சதா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். கையை எடுத்துவிட்டான். மறுபடியும் கண்ணை வைத்து, அந்தப் புகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அவளுக்கும் இப்பிடித்தான் தெரிஞ்சிதோ?”

“இல்ல அண்ணே. அவங்களுக்கு எல்லாம் துலக்கமா தெரிஞ்சிது.”

“அப்பம் சரி” என்றான். கண்ணை மட்டும் எடுக்கவில்லை.

“பைத்தியக்காரா, வளையத்தத் திருப்பிட்டுப் பாரு வே” என்று நீங்கள் இருந்தால் அதட்டியிருப்பீர்கள். நான் அதட்டமாட்டேன், மதினி. ஞாயிறுதோறும் அவனை வயலுக்குக் கூட்டிப்போவேன். அவன் கை அந்த வளையத்தைத் தானாகத் திருப்புகிற நாள் வரும்வரை பக்கத்திலேயே இருப்பேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

பெட்டியை உள்ளே வைக்கச் சொல்லி நீங்கள் சேர்த்துக்கொண்ட
உங்கள் நாத்தனார்,
செண்பகம்