எறும்பு போகிற இடம்

மச்சான்,

நேற்று அக்கா ஒரு மஞ்சள் பையைத் தூக்கிவந்து என் மடியில் போட்டாள். போட்ட வேகத்தில் என் உயிர் திருச்சி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. உள்ளே மணல், கொள்ளிடத்து மணல். பையின் வாயைச் சணல் கயிற்றால், பஸ்ஸுக்கு மேலே சாமான் கட்டுவதுபோல, முடிச்சுக்கு மேல் முடிச்சாகக் கட்டியிருந்தது. யார் போட்ட முடிச்சு என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. உங்கள் பாப்பா கல்யாணத்துக்காக வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம். குதிருக்குப் பின்னால் கிடந்ததாம்.

"ஒன்னோடதுதான்டா. தூக்கிப் போட மனசு வரல" என்றாள் அக்கா. பிறகு சுண்ணாம்பு வாளியை எடுத்துக்கொண்டு அவசரமாக உள்ளே போனாள். வாளியில் சுண்ணாம்பு இல்லை.

பையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். இத்தனை வருடம் இருட்டில் கிடந்தும் அதில் ஆற்று வாசனை இருந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வெள்ளையடிக்க வந்தவர்கள் என்னைச் சுற்றி அடித்துக்கொண்டு போனார்கள்.

வரலாற்றைப் பிழையில்லாமல் எழுதிவைப்பது என் கடமை. நாட்டில் எத்தனையோ மன்னர்கள் யானை மேலிருந்து விழுந்திருக்கிறார்கள். நான் கரும்பு வண்டி மேலிருந்து விழுந்தேன். திருமானூர் வாய்க்கால் ஓரம், அடுக்கிய கரும்பின் உச்சியில் நின்றுகொண்டு, பட்டத்து ராஜா மாதிரி இரண்டு பக்கமும் கையசைத்தபடி வந்தேன். சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. ராஜாவும் இறங்கினார். பின்னாலேயே அந்த வருடத்து மகசூல் மொத்தமும் ராஜாவின் வலது தொடை மேல் இறங்கியது.

தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் தொடை எலும்புக்குள் கம்பி வைத்து, இடுப்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டுப் போட்டார்கள். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் நான் ஒரு புலியின் கதையைச் சொன்னேன். ஆளுக்கு ஆள் அந்தப் புலி வளர்ந்தது. நீங்கள் காக்கிச் சட்டையோடு, டிக்கெட் பையைத் தோளில் மாட்டியபடி கட்டில் தலைமாட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அரியலூரிலிருந்து திருமானூர் வழியாகத் திருமழபாடி போகும் பஸ்ஸின் கண்டக்டர் அல்லவா, எவனுடைய பொய்க்கும் பாதி வழியில் விசில் ஊதிவிடுவீர்கள்.

"புலியும் இல்ல, எலியும் இல்லங்க. கரும்பு மேல நின்னு ஊர்கோலம் வந்தான். ஸ்டாப்பிங் வரதுக்கு முன்னாடியே எறங்கிட்டான்."

மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்து, "இட்லி மாவா, தோசை மாவா மாப்ளே?" என்று கேட்டவரும் நீங்கள்தான். சிரித்தால் தொடை வலிக்கும். அது தெரிந்தேதான் கேட்டீர்கள்.

எனக்கு வேறு யார் இருந்தார்கள்? ஆஸ்பத்திரியிலிருந்து நேராக உங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தீர்கள். ஆட்டுக்கால் சூப் குடித்தால் எலும்பு கூடும் என்று யாரோ சொல்லப்போக, அக்கா காய்ச்சிய சூப்பில் கொள்ளிடத்துக்கு வெள்ளம் வந்திருக்கும். திருமானூர் வட்டாரத்து ஆடுகள் என் பெயரைக் கேட்டாலே உட்கார்ந்து கால்களை மறைத்துக்கொண்டன.

கட்டைப் பிரித்த அன்று உள்ளேயிருந்து ஒரு முருங்கைக்காய் வெளியே வந்தது. அதுதான் என் கால் என்றார்கள். எலும்பு கூடியிருந்தது. ஆனால் முட்டி மடங்கவில்லை. கட்டிலோடு கட்டிலாகக் கிடந்ததில், மடங்குகிற வேலையையே அது மறந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுத்த அம்மா உங்களையும் பக்கத்தில் நிறுத்திவைத்துச் சொன்னார். "டாக்டர் வேலை முடிஞ்சுதுங்க. இனிமே ஒங்க வேலை. கணுக்கால்ல மணல் மூட்டை கட்டித் தூக்கணும். தொங்கப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமா மடக்கணும். வலிக்கத்தான் செய்யும், வுட்டுடாதீங்க. ஆனா யாரும் புடிச்சு அமுக்கிடாதீங்க." நீங்கள் புது ரூட்டுக்கு பர்மிட் வாங்கியவர்போலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டீர்கள்.

வீட்டில் அக்காவின் சட்டம் வேறாக இருந்தது. என் முட்டிக்குக் கீழே தலையணை வைத்து, அதை விக்கிரகம்போலப் பாதுகாத்தாள். "அசைக்காதடா, கூடுன எலும்பு வுட்டுக்கும்" என்பாள். நீங்கள் தலையணையை உருவுவீர்கள், அவள் திரும்ப வைப்பாள். கடைசியில் ஒரு நாள் அந்தத் தலையணையை எடுத்துக்கொண்டு நீங்கள் டூட்டிக்கே போய்விட்டீர்கள். அரியலூர் போய் வந்த அந்தத் தலையணை திரும்பும்போது டிரைவர் முதுகுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு வந்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

சாயங்காலம் டூட்டி முடிந்ததும் என்னைக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, இந்த மஞ்சள் பையைக் கணுக்காலில் கட்டுவீர்கள். இரண்டு விசில் ஊதினால் காலைத் தூக்க வேண்டும். ஒரு விசில் என்றால் அப்படியே நிறுத்த வேண்டும். மறுபடி ஊதும் வரை இறக்கக் கூடாது. நான் போட்ட கூச்சலைக் கேட்டு, எதிரே இன்னொரு வண்டி வருகிறதென்று நினைத்து, அரியலூர் ஸ்டேஷனில் ரயிலை நிறுத்தியிருப்பார்கள்.

"மச்சான், மூட்ட நேத்தைக்கு இன்னைக்குக் கனமா இருக்கே."

"அது அதே மூட்டதான். ஆத்து மணலு, ஈரம் குடிச்சிருக்கும்."

சித்திரை வெயிலில் எந்த ஈரத்தைக் குடித்ததோ. அக்காவின் அரிசிப் படியில் ஏன் மணல் ஒட்டியிருக்கிறது என்று அவள் சத்தம் போட்டபோதுதான் எனக்கு விளங்கியது. விளங்கியதாக நான் காட்டிக்கொள்ளவில்லை. நீங்கள் அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தீர்கள், நான் தூக்கிக்கொண்டே இருந்தேன்.

பயிற்சி முடிந்ததும் பாயில் சம்மணம் போட்டு உட்காரச் சொல்வீர்கள். இடது கால் மடங்கும். வலது கால், பாலம் கட்டியதுபோலத் தரைக்கு மேலே நிற்கும். நீங்கள் குனிந்து, முட்டிக்கும் பாய்க்கும் நடுவே கையைவிட்டுத் துழாவி அளவு சொல்வீர்கள். முதல் நாள், "மாப்ளே, இதுக்குக் கீழ நம்ம பஸ்ஸே போவும்" என்றீர்கள். பிறகு மாட்டு வண்டி போனது. அப்புறம் நாய். நாய் போகிற அளவிலேயே முட்டி வெகுகாலம் நின்றுவிட்டது.

சும்மா உட்காருவதற்காக இவ்வளவு பாடும் இல்லை. பாப்பாவுக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் சம்மணம் போட்டு மடியில் வைத்துக்கொண்டால்தான் குத்த முடியும். மூன்றாவது வயதில் குத்தியிருக்க வேண்டியது, என் காலுக்காகத் தள்ளிவைத்தீர்கள். ஐந்தாவது வயதையும் விட்டால் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். உங்கள் பெரியப்பா வாசலில் நின்றபடியே, எனக்குக் கேட்கட்டும் என்று, கொஞ்சம் உரக்கச் சொன்னார்.

"பெரம்பலூர்ல ஒம் பொண்டாட்டிக்குச் சித்தப்பா மவன் ஒருத்தன் இருக்கானே. அவனும் மாமன் மொறைதான். ரெண்டு காலும் நல்லா மடங்குது. கூட்டியாந்து ஒக்கார வையேன்."

அன்று நான் மூட்டையைக் கட்ட விடவில்லை. அவிழ்த்து எறிந்தேன். அந்த இரண்டு கால் மாமனையே கூட்டி வரச் சொன்னேன். எனக்கு நடக்கவும் வேண்டாம், உட்காரவும் வேண்டாம், இப்படியே ஒரு கம்பமாக நின்றுவிடுகிறேன், தெருவிளக்காவது மாட்டுவார்கள் என்றேன். வேடிக்கையாகத்தான் சொல்ல ஆரம்பித்தேன். முடிக்கும்போது அது வேடிக்கையாக இல்லை.

சிந்திய மணலைக் கையால் கூட்டிப் பைக்குள் போட்டபடி சொன்னீர்கள்:

"மாமன் ஏறாம நான் ரைட் குடுக்க மாட்டேன் மாப்ளே. வண்டி நிக்கட்டும்."

மறுநாளிலிருந்து, முதல் டிரிப்பில் என்னை ஏற்றிவந்து திருமழபாடி ஆற்றில் இறக்கிவிட்டீர்கள். பஸ் கொஞ்ச நேரம் நிற்கும். அதற்குள் என்னை இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தி, அக்குளில் கை கொடுத்து நடக்கவைப்பீர்கள். தண்ணீருக்குள் கால் இலேசாகிவிடும். உடைந்ததே அதற்கு நினைவிருக்காது. உங்கள் காக்கிக் கால்சட்டை இடுப்புவரை நனைந்திருக்கும். அதோடுதான் திரும்பிப் போய் டிக்கெட் கொடுப்பீர்கள். "கண்டக்டரு ஆத்துல குளிச்சாரா, ஆறு கண்டக்டரைக் குளிச்சுச்சா?" என்று பஸ்ஸில் ஒரு கிழவர் தினமும் கேட்பார். அந்தத் தண்ணீரில் இன்னொரு காலை நேரம் கிடைத்தால், இரண்டு கால்களையும் உடைத்துக்கொள்ள நான் தயார். பேச்சுக்குச் சொல்லவில்லை மச்சான்.

காது குத்தும் நாள் வந்தபோது முட்டி பூனை போகிற அளவுக்கு இறங்கியிருந்தது. அதற்குமேல் இறங்கவில்லை. கோயில் மண்டபத்தில் விரிப்புப் போட்டு, பத்தர் ஊசியோடு உட்கார்ந்திருந்தார். நான் இடது காலை மடக்கி, வலது காலை நீட்டி, மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பாப்பாவை வாங்கி மடியில் வைத்தேன். நீட்டிய கால் நேரே சந்நிதியைப் பார்த்து இருந்தது.

"சாமிக்கு நேரா காலை நீட்டிக்கிட்டா ஒக்காருறது?" என்றார் பெரியப்பா. "எழுப்புப்பா அவனை."

நான் திரும்பி உட்காரப் பார்த்தேன். பாப்பா மடியில் இருக்க, கம்பி வைத்த காலோடு எங்கே திரும்புவது? குழந்தையை அக்காவிடம் நீட்டிவிட்டேன். வாயில் ஒரு வேடிக்கை வார்த்தை வரவில்லை. என் வாழ்நாளில் அப்படி ஒரு பஞ்சம் வந்ததில்லை.

நீங்கள் வந்தீர்கள். எனக்கு எதிரே, சந்நிதிக்கும் என் காலுக்கும் நடுவே, சம்மணம் போட்டு உட்கார்ந்தீர்கள். என் குதிகாலை இரண்டு கையாலும் தூக்கி உங்கள் மடியில் வைத்து, தோள் துண்டை எடுத்து அதன்மேல் போர்த்தினீர்கள்.

"இப்ப யாரும் சாமிக்கு நேரா நீட்டல பெரியப்பா. கால் எம் மடியில இருக்கு. பாப்பாவ மாமன்கிட்ட குடு. ஊசிய எடுங்க பத்தரே."

உங்கள் கல்யாணத்தில் பெண்ணின் தம்பி என்ற முறையில் தாம்பாளம் வைத்து உங்கள் காலைக் கழுவியவன் நான். ஊரே பார்த்த கால் அது. அந்தக் காலுக்குச் சொந்தக்காரர் என் காலை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பெரியப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நீங்கள் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினீர்கள். பத்தர் பதறிக் குத்திவிட்டார். பாப்பா அழவே மறந்து விசிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதோடு விட்டீர்களா? அதற்குப் பிறகும் எந்த விசேஷ வீட்டுப் பந்தியானாலும், இலைக்கு முன்னால் நான் உட்கார்ந்ததும், பக்கத்திலிருந்து உங்கள் கை வந்து முட்டிக்குக் கீழே துழாவும். "எலி போவும்." இரண்டு வருடம் கழித்து, "பல்லி போவும்." ஒரு பொங்கலுக்குக் கையே நுழையவில்லை, விரலை விட்டுப் பார்த்தீர்கள். "எறும்பு போவும் மாப்ளே. இது நம்ம பஸ்ஸா இருந்தா இன்னும் ஒரு ஆளு ஏத்துவேன்." அது நீங்கள் ரூட்டில் தினமும் சொல்வதுதான். மூச்சுவிட இடமில்லாத வண்டியில், "எறும்பு போவுற எடம் இருந்தா ஒரு ஆளு ஏறலாம், உள்ள போங்க, உள்ள போங்க" என்று சொல்லி, ஏற வந்தவரை ஏற்றியே தீருவீர்கள்.

போன வருடம் கரும்பு வெட்டுகிற நேரத்தில், டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தவர் கம்பியைப் பிடித்தபடியே சரிந்துவிட்டீர்கள் என்றார்கள். நான் கோடித் துணியோடு வந்தேன். கால் சரியில்லாதவன் என்று எல்லாரும் நாற்காலி போட்டார்கள். வேண்டாமென்று உங்கள் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். எடுக்கும்வரை எழுந்திருக்கவில்லை. ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. கை வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை மஞ்சள் பையைக் கணுக்காலில் கட்டிப் பார்த்தேன். இவ்வளவு மணலையா அந்த முருங்கைக்காய் தூக்கியது? அசையவில்லை மச்சான். விசில் இல்லாமல் கிளம்பிப் பழக்கமில்லாத கால்.

வருகிற வெள்ளிக்கிழமை பெரம்பலூரில் பாப்பாவுக்குக் கல்யாணம். மணவறையில் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லியிருக்கிறாள். "மாமா, ஒங்களுக்கு நாற்காலி போடச் சொல்லட்டா?" என்று கேட்டாள். "ராஜாவுக்கு நாற்காலியா? தரையே சிம்மாசனம்" என்றேன். அவளும் சிரித்தாள். உங்கள் சிரிப்புதான் அது, மேல் உதடு ஒரு பக்கமாக ஏறுவது.

தரையில்தான் உட்காரப்போகிறேன். இந்த முட்டியை இன்னும் அழுத்தினால் பாயைத் தொட்டுவிடும் என்று தோன்றுகிறது. அழுத்தப்போவதில்லை. முகூர்த்தத்துக்கு ஒன்பது ஊர்ச் சனம் வரும், மண்டபத்தில் நிற்க இடமிருக்காது. ஆனால் என் முட்டிக்குக் கீழே எறும்பு போகிற இடம் இருக்கும். உங்கள் கணக்குப்படி ஒரு ஆள் ஏறலாம்.