வாய்க்கால் கரைக்குப் போன புத்தகங்கள்

ஐப்பசி 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். துவைத்த சேலைகள் அடுப்பங்கரையில் கொடி கட்டித் தொங்குகின்றன. வீடு முழுக்க ஈர வாடை. உளுந்து புடைக்க வேண்டும். மண்ணெண்ணெய்க்கு ஆள் அனுப்ப வேண்டும். சீமையில் சண்டை வந்தாலும் வந்தது, ஸ்ரீவைகுண்டத்தில் விளக்கெரிக்க எண்ணெய் இல்லை.

அத்தான் தாலுகா கச்சேரியிலிருந்து சாப்பிட வந்தபோது ஒரு சேதி கொண்டுவந்தார். (புருஷன் பேரை எழுதக் கை வரவில்லை. மாமன் மகன்தானே, பழைய முறையே இருக்கட்டும்.) கடைத்தெரு வாசகசாலையில் இனிமேல் சனிக்கிழமை மத்தியானம் பெண்களும் சிறு பிள்ளைகளும் போய் உட்காரலாமாம். மிஷன் பெண் பள்ளிக்கூடத்து எஸ்தர் டீச்சர் தலைவரைப் பார்த்துக் கேட்டு வாங்கியிருக்கிறார். தலைவர் வக்கீல் அண்ணாச்சி லேசில் எதற்கும் இசைகிறவர் அல்ல. இதற்கு இசைந்தது, அந்த நேரத்தில் ஆண்கள் எல்லாரும் சாப்பிட்டுத் தூங்குவார்கள் என்பதால்.

"பத்திரிகையை மட்டும் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காக. சாயந்திரம் சண்டைச் சேதி படிக்கணும்லா" என்றார் அத்தான்.

அத்தைக்குப் பிடிக்கவில்லை. பேத்தியைக் கைகாட்டிச் சொன்னாள்: "வள்ளிக்கு நாலு வயசு. அஞ்சு முடிஞ்சு ஏடு தொடக்கினாப் போதும். இப்பம் அங்கன போயி என்ன செய்யப் போகுது?"

நான் பாளையங்கோட்டையில் நாலாம் வகுப்பு வரை படித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு படித்தது பஞ்சாங்கம், மருந்துக் குப்பியில் ஒட்டின தாள், அவ்வளவுதான். போக வேண்டும்.

ஐப்பசி 8, சனி

வெயில். வள்ளியும் நானும் போனோம்.

வாசகசாலை (இனி வா.சா., எழுதி மாளவில்லை) வாழைக்காய் மண்டியின் மாடியில் இருக்கிறது. படியேறும்போதே பழ வாசனை. உள்ளே இரண்டு பெஞ்சு, ஒரு மேஜை, கண்ணாடி போட்ட அலமாரி, சுவரில் சண்டை நடக்கிற தேசங்களின் படம். வந்திருந்தவர்கள்: மண்டிக்காரர் மனைவி செல்லம், தபாலாபீசுக்காரர் வீட்டு அக்காவும் அவர் தங்கையும், நான். பிள்ளைகள் ஏழெட்டு.

எஸ்தர் டீச்சர் நெட்டை, ஒல்லி. வெள்ளைச் சேலை, கையில் ஆண்பிள்ளைக் குடை. பெஞ்சில் உட்காருவார் என்று பார்த்தால் தரையில் சம்மணமிட்டார். மிஷன் அச்சுக்கூடத்திலிருந்து வா.சா.வுக்கு வந்த மிருகப் படப் புத்தகம், பக்கத்துக்கு ஒரு படம், கீழே பெரிய எழுத்தில் இரண்டு வரி. அதைத் தூக்கிச் செல்லத்தின் மடியில் வைத்தார்.

"எனக்கு எழுத்துத் தெரியாதே டீச்சரம்மா."

"யானை தெரியும்லா?"

"யானை தெரியும்."

"பெறகென்ன. யானையைப் பிள்ளைகிட்ட நீங்க சொல்லுங்க. எழுத்தை நான் சொல்லுதேன்."

செல்லம் முதலில் சிரித்தாள். பிறகு பைய ஆரம்பித்தாள். திருநெல்வேலிக் கோயிலில் தான் கொண்டுபோன கூடையிலிருந்து யானை தேங்காயை எடுத்துப் போனதை மகனிடம் சொன்னாள். பையன் படத்தைப் பார்ப்பான், அம்மாவின் வாயைப் பார்ப்பான். கதை முடிந்ததும் டீச்சர் வரியின் அடியில் விரல் வைத்து வாசித்தார். பையனும் அங்கே விரலை வைத்தான்.

அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. டீச்சர் பிள்ளைகளிடம் பேசவே இல்லை. அம்மாக்களிடம்தான் பேசுகிறார். அவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவில்லை, அம்மாக்களைத் தயார் செய்கிறார். அத்தை சொன்னதை அவரிடம் சொன்னேன். கோபப்படவில்லை. "எழுத்து அஞ்சு வயசுல வரட்டும். புத்தகம் இப்பமே மடிக்கு வரட்டுமே" என்றார்.

இன்னொன்று. கீழே மண்டியில் வாழைத்தார் இறக்க வந்த பெண், மாடத்தி என்று பேர், இடுப்பில் பிள்ளையோடு படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தெற்கே வாய்க்காலுக்கு அந்தப்புறம் குடிசைகளில் இருக்கிறவள், கூலி வேலை. டீச்சர் பார்த்துவிட்டார்.

"மேல வா தாயி."

"இங்கன நின்னுக்கிடுதேன்மா."

"நின்னா படம் தெரியாது. வந்து உக்காரு."

வாசல் பக்கம் ஒண்டி உட்கார்ந்தாள். தபாலாபீசுக்காரர் வீட்டு அக்காவும் தங்கையும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனார்கள். செல்லம் தரையைப் பார்த்தாள். நானும்தான். டீச்சர் குரல் ஒரு இழை மாறவில்லை. புத்தகத்தை மாடத்தியிடம் நீட்டினார். அவள் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். "வாழைக்கறைம்மா. ஒட்டிக்கிடும்."

இடுப்புப் பிள்ளை சத்தமாக, "பூனை" என்றது. செல்லம்கூடச் சிரித்துவிட்டாள்.

ஐப்பசி 12, புதன்

தலைவலி. சுக்குப் பற்று. பால்காரி வரவில்லை.

எதிர்பார்த்ததுதான். வா.சா. கமிட்டி கூடியது. இனி மெம்பர் வீட்டுப் பெண்கள் மட்டும்தான் மாடி ஏறலாம். அத்தான் சொல்லிவிட்டுக் கையலம்பப் போய்விட்டார். முகம் சரியாக இல்லை.

பத்து மணி வாக்கில் எஸ்தர் டீச்சர் கொல்லை வழியாக வந்தார். அத்தை கோயிலுக்குப் போயிருந்த நேரம், நல்லதாயிற்று. அழுவார் அல்லது திட்டுவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

"அவுக மாடி. அவுக சொல்லுதாக. ஆனா மெம்பர் ரெண்டு புத்தகம் வீட்டுக்குக் கொண்டுபோவலாம்னும் அவுகதான் எழுதி வச்சிருக்காக" என்றார். "பொம்பளையை மெம்பராச் சேக்க மாட்டாக. உங்க வீட்டு ஐயா பேர்ல எடுக்க முடியுமாம்மா?"

"எடுத்து?"

"மாடத்தி மாடிக்கு வரக் கூடாது. புத்தகம் வாய்க்கா தாண்டிப் போவக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மத்தியானம் சாதம் போடும்போது கேட்டேன். அத்தான் ரசம் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். கையலம்பினார். வெற்றிலை போட்டார். குடையை எடுத்துக்கொண்டு வாசல்படி இறங்கும்போது திரும்பாமலே சொன்னார்:

"நனையாமப் பாத்துக்கோ."

வெற்றிலைப் பெட்டியை மூடி வைக்க மறந்து அப்படியே நின்றேன்.

ஐப்பசி 15, சனி

மேகமூட்டம், மழை இல்லை. பிசான நெல் நடவு நடக்கிறது. வயல் முழுக்கக் குனிந்த முதுகுகள்.

டீச்சர் புத்தகங்களை மெழுகுத் துணியில் சுற்றி ஓலைப்பெட்டியில் வைத்துக்கொண்டார். வள்ளியைக் கூட்டிப்போகவில்லை. அத்தை விடவில்லை. என்னையே, "வந்து கொல்லையில குளிச்சிட்டு உள்ள வா" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

வாய்க்கால் கரை மருத மரத்தடி. கஞ்சி குடிக்க ஏறின பெண்கள், முழங்கால் வரை சேறு. பிள்ளைகள் மரத்தடியிலேயே கிடக்கின்றன, பெரியது சின்னதைப் பார்த்துக்கொண்டு. எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். டீச்சர் உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. அவரே வாய்க்காலில் செம்பை முக்கி வந்து மாடத்தியின் கையில் தண்ணீர் விட்டார். சேறு போகத் தேய்த்தார், தன் சேலைத் தலைப்பால் துடைத்தார். பிறகு புத்தகத்தை அந்தக் கையில் கொடுத்தார்.

மாடத்தி அழுதாள். மற்றவர்கள் தாங்களாகவே வாய்க்காலில் இறங்கிக் கையலம்பி வந்தார்கள்.

மாடத்தியின் மகள் பேர் இசக்கி. மூன்று வயசு இருக்கும். ஒரு பக்கம் விடாமல் தானே பேர் சொன்னது. கழுதையை மட்டும் குதிரை என்றது. அம்மாக்கள் எல்லாருமாக, "ஏட்டி, அது கழுதைல்லா" என்றார்கள். இசக்கி ஒப்பவில்லை. டீச்சர், "நல்லாப் பாத்துச் சொல்லு, காது எப்படி இருக்கு?" என்றார். அந்தக் காதைப் பற்றி ஒரு பெரிய வழக்கே நடந்தது. மேஸ்திரி வந்து சத்தம் போட்ட பிறகுதான் வயலில் இறங்கினார்கள்.

குளித்துவிட்டு உள்ளே வந்தேன். கொல்லைத் தண்ணீர் குளிர்ந்தது. சந்தோஷமாக இருந்தது.

ஐப்பசி 22, சனி

தூறல். மரத்தடியில் குடை பிடித்துக்கொண்டே. செல்லமும் வந்துவிட்டாள். வீட்டில் சொல்லவில்லையாம்.

இன்று டீச்சர் செய்ததை எழுதாமல் இருக்க முடியாது. நடவுப் பெண்கள் வயலில் பாடிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் பலகையும் குச்சியும் எடுத்து, கேட்டதைக் கேட்டபடி எழுதினார். கரையேறினதும் வாசித்துக் காட்டினார்:

வாய்க்காத் தண்ணி வருது பாரு
வரப்புத் தாண்டி வருது பாரு

ஒருத்தி கேட்டாள், "நாங்க பாடினதையா எழுதி வச்சிருக்கீக?"

"ஆமா."

"இதையெல்லாமா எழுதுவாக?"

"சொன்னது எதுவோ, அதை எழுதலாம். எழுதினதை வாசிக்கலாம். அவ்வளவுதாம்மா படிப்பு."

மாடத்தி பலகையை வாங்கி, "இதுல 'வா' எது?" என்று கேட்டாள். காட்டினார். அவள் இன்னொரு 'வ'வையும் தானே கண்டுபிடித்தாள். நாலாம் வகுப்பு வரை படித்த என்னிடம் இப்படி யாரும் எழுத்தைக் கொடுத்ததில்லை. எனக்குப் பிரம்போடு வந்தது.

போகும்போது மிருகப் புத்தகத்தை டீச்சர் மாடத்தியிடமே விட்டார். ஒரு வாரம் வீட்டில் இருக்கட்டும், பிள்ளை கேட்கும்போதெல்லாம் காட்டட்டும் என்று. எனக்குக் கொஞ்சம் பயம். அத்தான் பேரில் எடுத்தது.

ஐப்பசி 29, சனி

அடைமழை. போகவில்லை. புத்தகம் திரும்பவில்லை. வள்ளிக்கு மாந்தம், ஓமத் தண்ணீர்.

கார்த்திகை 4, வியாழன்

ஆற்றில் வெள்ளம். அணை மேல் தண்ணீர் புரள்கிற சத்தம் வீட்டுக்குள்ளேயே கேட்கிறது. வாய்க்கால் உடைந்துவிட்டது. குடிசைகளில் தண்ணீர். சனங்களை மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏற்றியிருக்கிறார்களாம். உயிர்ச்சேதம் இல்லை என்று அத்தான் சொன்னார். எஸ்தர் டீச்சர் இடுப்பளவு தண்ணீரில் போய்ப் பிள்ளைகளை வாங்கி வாங்கிக் கரையில் விட்டாராம். கச்சேரி முழுக்க அதே பேச்சு.

இரண்டு மரக்கால் அரிசி அனுப்பினேன். அத்தை தடுக்கவில்லை. மேலே ஒரு கொத்து மல்லித்தழை வைத்தாள்.

கார்த்திகை 6, சனி

மழை விட்டது. அத்தானும் நானும் பள்ளிக்கூடம் போனோம். போகிற வழியெல்லாம் சகதி.

கூடத்தில் ஓலைப்பாய்கள், மூலையில் பெரிய பானையில் கஞ்சி. எஸ்தர் டீச்சர் கண் சிவந்து, குரல் கட்டி, அகப்பையோடு. கஞ்சி அடுப்புக்குப் பக்கத்தில் மாடத்தி. மிருகப் புத்தகம் ஊறி உப்பிக் கிடக்கிறது. ஒவ்வொரு தாளாகப் பிரித்து விசிறிக்கொண்டிருக்கிறாள். குடிசையின் கூரைச் சந்தில் செருகி வைத்தாளாம். கூரையே விழுந்துவிட்டது.

"பானை போச்சு, பாய் போச்சு. இதைத் தேடி எடுத்துட்டேம்மா. ஆனா நனைஞ்சிட்டு" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து அரிசி மூட்டைகளோடு வக்கீல் அண்ணாச்சி வந்தார். புத்தகத்தைப் பார்த்தார். முதல் தாளில் வா.சா. முத்திரை.

"இது எப்படி இங்கன வந்தது?"

மாடத்தி எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். டீச்சர் அகப்பையை வைத்துவிட்டு முன்னால் வந்தார். அதற்குள் அத்தான், "என் பேர்ல எடுத்தது அண்ணாச்சி. நான்தான் குடுத்தேன்" என்றார்.

அத்தான் அண்ணாச்சிக்கு எதிரே நின்று பேசி நான் பார்த்ததில்லை.

கீழே இசக்கி மட்டும் தன் வேலையில் இருந்தது. ஒட்டின தாள்களை நகத்தால் பிரித்து, படத்தில் விரல் வைத்து, வா.சா.வில் செல்லம் சொன்ன யானைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது. தேங்காய் இருந்தது, கூடை இருந்தது. நடுவே வெள்ளமும் வந்தது; யானை நீந்திப்போய்க் கழுதையைக் காப்பாற்றியது. படத்தின் கீழே இருந்த வரி அழிந்துபோயிருந்தது. ஆனாலும் அந்த இடத்தில் விரலை இடமிருந்து வலமாக ஓட்டி, டீச்சர் குரலிலேயே நிறுத்தி நிறுத்தி "வாசித்தது".

அண்ணாச்சி கதை முடிகிற வரை நின்றார். பிறகு அத்தானிடம், "புத்தகம் பாழாயிட்டுவே. இனிமே அலமாரியில வைக்க முடியாது. கணக்குலருந்து தள்ளிடலாம். அதுவே வச்சுக்கிடட்டும்" என்றார். மாடத்தியைப் பார்க்கவில்லை. படி இறங்கும்போது டீச்சரிடம், "வேற புத்தகம் வேணும்னா அவரு பேர்லயே எடுத்துக்கிடுங்க" என்றார்.

மாடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டீச்சர் அதையும் கேட்டிருப்பார். குரல் எழும்பவில்லை.

கார்த்திகை 13, சனி

நல்ல வெயில். வடகம் போடலாம். போடவில்லை.

எஸ்தர் டீச்சருக்குக் காய்ச்சல். காலையில் ஆள் வந்தது: இன்று நீங்கள் போய் வாசியுங்கள் என்று. எனக்கு அது வராது என்று சொல்லி அனுப்பினேன். அரை மணிக்குள் ஓலைப்பெட்டி வாசலில் வந்து இறங்கிவிட்டது. அவர் குணம் அப்படி.

நான் கிளம்பும்போது வள்ளி காலைக் கட்டிக்கொண்டது. அத்தை பார்த்துக்கொண்டே இருந்தாள். "ரெண்டு பேரும் வெயில்ல கிடக்காதீக" என்றாள். குளித்துவிட்டு வரச் சொல்லவில்லை.

மருத மரத்தடியில் எல்லாரும் கையலம்பிவிட்டுக் காத்திருந்தார்கள். செல்லம் பாய் கொண்டுவந்திருந்தாள். முதல் வரியை இரண்டு தடவை வாசித்தேன். புதுப் புத்தகம், பறவைகள். வள்ளியும் இசக்கியும் ஒரே பாயில், தோளோடு தோள். கொக்கின் பக்கத்தில் நான் பாதியில் இருக்கும்போதே வள்ளி அவசரப்பட்டுத் தாளைப் புரட்டப் போனாள். இசக்கி அவள் கையில் ஒன்று வைத்தது.

"பொறுட்டி. அவுக இன்னும் வாசிச்சு முடிக்கல."

மாடத்தி பதறி எழுந்தே விட்டாள்.

வள்ளி கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் அந்த வரியை முடித்தேன்.