பழைய பனி டயர் நான்கு

மச்சான்,

மெல்பன் ஓரத்து ட்ருகனினாவில் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு பழைய டயர் கடையில் நிற்கிறேன். ரப்பர் வாடை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. எதிரே பனிக்கால டயர் நான்கு. யாரோ இரண்டு குளிர்காலம் ஓட்டிவிட்டு விற்றது. தரையைப் பிடிக்கும் ரப்பர் பட்டன் அவ்வளவாகத் தேயவில்லை. தயாரித்த வருஷத்தையும் பார்த்துவிட்டேன், ரொம்பப் பழசில்லை. ஆனாலும் அரை மணி நேரமாகச் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

மெல்பனுக்குள் ஓட்ட இதெல்லாம் எதற்கு? மலைக்குப் போகிறவனுக்குத்தான் வேண்டும். வருஷம் தவறாமல், இங்கே பனி கொட்டும் ஜூலையில் நாம் இரண்டு பேரும் போனோம். நீ இல்லாத முதல் ஜூலை இது. தனியாகப் போவதா, இனி அந்தப் பக்கமே தலைவைக்காமல் இருப்பதா? டயரைச் சாக்கு வைத்து அதைத்தான் யோசிக்கிறேன்.

முதல் பயணத்தன்று நீ போன் செய்தாயே. "ரயர் கடைக்கு வந்தனான். சரி மச்சான், போட்டு வாறன்."

உன் யாழ்ப்பாணப் பேச்சு மதுரைக்காரனுக்கு வேறெப்படிப் புரியும்? பனி டயரை மாட்டிக்கொண்டு வருகிறாய் என்று நிம்மதியாக ஏறி உட்கார்ந்தேன். மலையில் மூன்றாவது வளைவிலேயே வண்டி வழுக்கிப்போய் ஓரத்துப் பனிக்குவியலில் முட்டி நின்றது.

"டயர் போட்டுட்டு வர்றேன்னு சொன்னியேடா, பாவி!"

"எப்ப சொன்னனான்? எங்கட பேச்சில 'போட்டு வாறன்' எண்டால் போயிட்டு வாறன் எண்டுதானே! நான் விலையைக் கேட்டிட்டுத் திரும்பியிட்டன்."

இழுவை வண்டி வரும்வரை வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பிப்ரவரியில் மாரடைப்பு வந்தது. சொல்லிக்கொண்டு போகக்கூட உனக்கு நேரமில்லை. வேலை விட்டு வந்தால் நாம் சேர்ந்திருந்த வீட்டில் சண்டை போட ஆளில்லை. சில நாள் உன்மேல் கோபம் கோபமாக வருகிறது. மலைச்சாலையின் பனிக்கு நான் பயப்படவில்லை. பக்கத்து இருக்கை காலியாக நாலு மணி நேரம் ஓட்டுவதற்குத்தான் பயம்.

நான் தமிழன் என்று வந்ததுமே கண்டுகொண்ட கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "என்னண்ணை, ரயரை வண்டியில பூட்டிவிடட்டோ?"

யோசிப்பதற்குள் வாயில் வந்துவிட்டது. "ஓம்."

அவர் முகமெல்லாம் சிரிப்பு. "அட, எங்கட ஆளோ! யாழ்ப்பாணத்தில எவடம்?"

பதினோரு வருஷம் உன்னோடு பேசிப் பேசி என் 'ஆமா' எங்கே தொலைந்ததோ தெரியவில்லை. மதுரை என்று சொல்லியிருக்கலாம்.

உன் ஊர்ப் பெயரைச் சொன்னேன்.