இருபது குஞ்சுகளும் ஒரு சிவப்புப் பேனாவும்

மார்ச் 12

அன்புள்ள உனக்கு,

நலம். உன் நலமும் உன் அக்கா வீட்டார் நலமும் அறிய ஆவல்.

நேற்றுக் காலை தபால்காரர் ஓர் அட்டைப்பெட்டியை நீட்டினார். பெட்டி கத்தியது. "சீக்கிரம் வாங்குங்க சார், வழியெல்லாம் ஒரே கச்சேரி" என்றார். திறந்தால் இருபது கோழிக்குஞ்சுகள். பண்ணைச் சீட்டில் உன் பெயர். நீ போவதற்கு முன்பே சொல்லிவைத்தாய் போலிருக்கிறது.

நான் நாற்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவன். குஞ்சுக்கு எது தலை, எது வால் என்று தெரியும். அதற்கு மேல் தெரியாது. சமையலறை மூலையில், உன் துணிக்கூடையில் செய்தித்தாள் விரித்து விட்டிருக்கிறேன். ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. என்ன செய்வது என்று உடனே எழுது.

இப்படிக்கு,
நான்


மார்ச் 15

உங்களுக்கு,

நான் வந்து மூன்று மாதம். முதல் கடிதமே கோழிக்காகத்தான் வந்திருக்கிறது. குஞ்சுகளுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

முதலில் அந்தச் செய்தித்தாளை எடுங்கள். வழுக்கிக் கால் அகன்றுபோகும். மரச்சீவல் போடுங்கள். கதகதப்புக்கு ஒரு குண்டுபல்பு விளக்கை முழ உயரத்தில் தொங்கவிடுங்கள். ஏறி நின்றால் குளிர்கிறது என்று அர்த்தம், இறக்குங்கள். ஓரமாக ஒதுங்கி வாயைப் பிளந்தால் சூடு, ஏற்றுங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடாவிட்டால் விழுந்து மூழ்கும். அப்புறம், அவற்றோடு பேசிக்கொண்டே இருங்கள். குரல் பழகினால்தான் பெரிதானதும் கூப்பிட்டால் வரும். இதுதான் உங்களுக்குக் கஷ்டம்.

ரோஜாவைக் கவாத்து செய்ய இதுதான் சமயம். வெங்காயத்தை வேர் கீழே இருக்கும்படி நடுங்கள். முதல் வருஷம் தலைகீழாக நட்டுவிட்டு, "தானா திரும்பிக்கும்" என்றீர்களே, அது நினைவிருக்கட்டும்.

இன்னொன்று. அன்று பஸ் ஸ்டாப் வரை போனவள் மூக்குக்கண்ணாடியை மறந்து திரும்பி வந்தேன். நீங்கள் தோட்டத்தில் இருந்தீர்கள். சாப்பாட்டு மேசையில் நான் எழுதிவைத்த சீட்டு. "அக்கா வீட்டுக்குப் போகிரேன்" என்று எழுதியிருந்தேன். அதில் சின்ன ர-வை அடித்து, மேலே பெரிய ற போட்டிருந்தீர்கள். சிவப்பு மையில்! வேலையில் ஓய்வு கொடுத்தால் என்னோடு பேசுவீர்கள் என்று காத்திருந்தவள் நான். அச்சகக்காரர்கள் உங்கள் வாய்க்கும் சேர்த்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அதைக்கூடப் பொறுத்தேன். அந்தச் சிவப்பு மையைப் பொறுக்க முடியவில்லை.

இதை அக்காவிடம் காட்டி எழுத்துப் பார்த்துத்தான் அனுப்புகிறேன். உங்கள் பேனாவுக்கு வேலை இருக்காது.

இப்படிக்கு,
நான்தான்


மார்ச் 21

அன்புள்ள உனக்கு,

மரச்சீவல் போட்டேன். விளக்கு, கூழாங்கல் எல்லாம் ஆயிற்று. ஒன்று மட்டும் போய்விட்டது. நெற்றியில் கறுப்புப் புள்ளி வைத்த குஞ்சு. ரோஜாவடியில் புதைத்தேன்.

பேசச் சொன்னாய். என்ன பேசுவது? முதல் நாள் செய்தித்தாளை வாசித்துக் காட்டினேன். தலையங்கத்தில் மட்டும் மூன்று பிழை. எல்லாம் தூங்கிவிட்டன. மறுநாள் வெங்காயக் கதையைச் சொன்னேன். முழித்துக்கொண்டு கேட்டன.

நீ திரும்பி வந்தது எனக்குத் தெரியாது. அந்தச் சீட்டைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கை தானாகப் போய்விட்டது. முதல் வாசிப்பில் எனக்கு எழுத்து மட்டும்தான் கண்ணில் படும். திருத்தி முடித்துத் திரும்பப் படித்தபோதுதான் நீ போய்விட்டாய் என்பது புரிந்தது. அப்புறம் தோட்டத்துக்குப் போய், ஏற்கெனவே நனைந்திருந்த பாத்திக்கே மறுபடி தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன்.

இப்படிக்கு,
நான்


மார்ச் 28

உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

நீங்கள் பேசாதவராகப் பிறக்கவில்லை. கல்யாணமான வருஷம், இதே வசந்தத்தில், தக்காளிக்குக் குச்சி கட்டிக்கொண்டே ஒரு மத்தியானம் முழுக்கப் பேசினீர்கள். நம் கல்யாணப் பத்திரிகையில் உங்கள் நண்பர் "நல்வரவு" என்பதை "நல்லரவு" என்று அச்சுக் கோத்து, நல்ல பாம்புக்கு அழைப்பு வைத்த கதை. நான் குச்சியைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் நாற்றே முறிந்தது. அப்படிப் பேசிய உங்களை எங்கே தொலைத்தேன் என்று முப்பத்தோரு வருஷமாகத் தேடுகிறேன்.

இங்கே அக்கா பின்னறைக்கு வெள்ளையடித்து எனக்குக் கொடுத்துவிட்டாள். தையலுக்கும் ஆள் வருகிறார்கள். அடுத்த சனிக்கிழமை மெஷினை எடுக்க வேன் அனுப்புகிறேன். அது வந்துவிட்டால் அங்கே எனக்கென்று எதுவும் இல்லை.

இப்படிக்கு,
நான்தான்


ஏப்ரல் 1

அன்புள்ள உனக்கு,

மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டேன். பெல்ட் தளர்ந்திருந்தது, மாற்றினேன். வாசலருகே வைத்திருக்கிறேன்.

அனுப்ப வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எண்ணெய் போட்டேன் என்றுதான் எழுத வருகிறது.

பத்தொன்பதுக்கும் இறக்கை முளைத்துவிட்டது. வெயில் நேரத்தில் தோட்டத்தில் வலைக்குள் விடுகிறேன்.

இப்படிக்கு,
நான்


ஏப்ரல் 6

அன்புள்ள உங்களுக்கு,

சனிக்கிழமை வேன் ஏன் வரவில்லை என்று யோசித்திருப்பீர்கள். வந்தது. நானும் வந்தேன். தெருமுனையில் நிறுத்தச் சொல்லிவிட்டு, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று பார்க்க வேலிப் பக்கம் வந்தேன்.

தக்காளி நாற்று நட்டுக்கொண்டிருந்தீர்கள். வலைக்குள் குஞ்சுகள். யாரோடு பேசுகிறார் என்று முதலில் பயந்துவிட்டேன்.

"இவ இருந்தா இந்நேரம் திட்டியிருப்பா. இவ்ளோ நெருக்கமா நடாதீங்கன்னு. நானும் உம்முனு இருந்திருப்பேன். அவ மெஷின் சத்தத்துலதான்டா நான் வீட்ல உக்காந்து வேலை பாத்ததெல்லாம். சத்தம் நின்ன அன்னிக்குத்தான் வீட்ல யாருமில்லன்னே தெரிஞ்சுது. இன்னிக்கு அந்த மெஷினும் போகுது. போகாதேன்னு சொல்லணும். எனக்குச் சொல்லத் தெரியல. உங்கள்ல யாராச்சும் சொல்லுங்கடா."

அரைமணி நேரம் நின்றேன். கால் மரத்துவிட்டது. உள்ளே வந்தால் நிறுத்திவிடுவீர்களே என்று வரவில்லை. வேன்காரர், "ஏத்திரலாமாம்மா?" என்றார். "வேணாம்பா, வண்டியத் திருப்பு" என்றேன். வாடகையைக் கொடுத்துவிட்டு வெறும் வேனில் திரும்பியவள் ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நாற்றை நெருக்கமாகத்தான் நட்டிருக்கிறீர்கள். ஒன்று விட்டு ஒன்று பிடுங்க வேண்டும். நீங்கள் தொடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி பஸ்ஸில் வருகிரேன். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினால் அதே பஸ்ஸில் ஏறிவிடுவேன்.

இந்தக் கடிதத்தை அக்காவிடம் காட்டவில்லை.

உங்கள்
வீட்டுக்காரி


ஏப்ரல் 9

அன்புள்ள உனக்கு,

மெஷினை அதன் பழைய இடத்துக்கே, ஜன்னலோரம் நகர்த்திவிட்டேன். நாற்றைத் தொடவில்லை. ஞாயிறு ஒன்பதரைக்கே பஸ் ஸ்டாப்பில் நிற்பேன். என்ன பேசுவது என்று குஞ்சுகளிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிழை ஒன்றும் இல்லை. வா.

உன்
வீட்டுக்காரன்