குளியலறையில் தண்ணீர் ஊற்றிய குற்றம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பா, அத்தை, நான் மூவரும் சுகம், புது வீட்டின் மாடிக் குளியலறைக்குத்தான் உடம்பு சரியில்லாமல் இருந்து இப்போது தேறிவிட்டது. அங்கே நீயும் மருமகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், நம்புவதைத் தவிர வேறு வழியும் இல்லை, போனில் நீ பேசுவதெல்லாம் "சொல்லும்மா", "சரிம்மா", "அப்புறம் கூப்பிடறேம்மா", அவ்வளவுதானே. போன மாதம் மட்டும் அதிசயமாகப் புதிதாக ஒன்று சொன்னாய், "சித்தப்பாகிட்ட ஒரு சாரி சொல்லிடும்மா, விஷயம் முடிஞ்சிடும்" என்று. பதில் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் மீட்டிங் என்று வைத்துவிட்டாய். கடிதத்துக்கு மீட்டிங் கிடையாது, அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன், படித்துவிட்டு யார் யாரிடம் சாரி சொல்ல வேண்டும் என்று நீயே முடிவு செய்.

உன் சித்தப்பா எப்படி இந்த வீட்டு வேலைக்கு மேற்பார்வையாளர் ஆனார் என்று உனக்குத் தெரியாது. யாரும் அவரை ஆக்கவில்லை. சுவர் எழும்பியபோது எட்டிப் பார்க்க வந்தவர், கூரை போட்டபோது கை நீட்டிப் பேச ஆரம்பித்தார், குளியலறை வேலை வந்தபோது உட்கார்ந்தே விட்டார். இருபது வருஷமாகக் காப்பீட்டு அலுவலகத்தில் கோப்புகளைப் புரட்டியவருக்குச் சிமெண்டைப் பற்றி என்ன தெரியும் என்று உன் அப்பாவிடம் கேட்டேன். "அவன் வீட்டு சமையல்மேடைக்கு அவனே நின்னு கல்லு போட்டான்ல" என்றார். அந்தச் சமையல்மேடையில் முட்டையை வைத்தால் அது தானாகவே தொட்டிக்குள் போய் விழும், உன் சித்தியிடம் கேட்டுப் பார். நான் சொல்லவந்தது ஒன்றுதான். மாடிக் குளியலறைக்கு நேர் கீழே வருவது அத்தையின் அறை. மூச்சிரைப்போடு நம் வீட்டுக்கு வந்து தங்க இருந்தவள் அவள், கொஞ்சம் ஈரவாடை அடித்தாலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அதனால் மேலே தரையில் கல் பதிக்கும் முன் தண்ணீர் இறங்காத பூச்சு பூசி, தண்ணீர் வெளியேறும் துளையை அடைத்து, தண்ணீரைத் தேக்கி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும் என்றேன். இது பெரிய ஞானமெல்லாம் இல்லை. நீ கைக்குழந்தையாக இருந்தபோது நாம் குடியிருந்த வாடகை வீட்டில், மேல்வீட்டுக்காரர் குளித்தால் நம் படுக்கையறையில் சொட்டும். உன் அப்பா சொட்டுக்கு நேராக ஒரு வாளியை வைத்துவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று பேப்பர் படிக்கப் போய்விடுவார். வாளியைக் கொட்டியவளுக்குத்தானே தெரியும். சரி, பூச்சு டின் ஒன்று வாங்கி வந்து இறக்கினார்கள், நானும் வாயை மூடிக்கொண்டேன்.

இந்த நேரத்தில்தான் நீ அந்தப் படத்தை அனுப்பினாய். கறுப்புக் கண்ணாடி போல மினுமினுக்கும் கல், சுவர், தரை எல்லாம் அதுவே, நடுவில் ஒரு பூச்சாடி, துண்டு தொங்கவிடக்கூட ஓர் ஆணி இல்லை. வருஷத்தில் பத்து நாள் வந்து குளிக்கப் போகிறவன் நீ, மீதி நாளெல்லாம் அதைத் தேய்க்கப் போகிறவள் நான், ஆனாலும் "பையன் ஆசைப்படறான்" என்று உன் அப்பா கிளம்பிவிட்டார். டைல்ஸ் கடையில் ஒரு விற்பனையாளர், பேச்சில் தேன் ஒழுகும், கல்லைப் படுக்க வைத்து ஒரு டம்ளர் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். "பாருங்க சார், ஒரு சொட்டு உள்ள போகுதா?" என்றார். போகவில்லை. உன் சித்தப்பா குனிந்து பார்த்தார், கையால் வழித்துப் பார்த்தார், அந்த இடத்திலேயே அவருக்கு ஞானம் பிறந்துவிட்டது. "அண்ணே, கல்லே தண்ணி குடிக்காது, அப்புறம் அதுக்குக் கீழ எதுக்கு இன்னொரு பூச்சு? மழைக்கோட்டு போட்டுக்கிட்டு குடையும் பிடிக்கிற மாதிரி" என்றார். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கு வழியாக, குழாய் இறங்கும் ஓரம் வழியாகத் தண்ணீர் போகாதா என்று நான் கேட்டேன். மூன்று பேரும் சிரித்தார்கள். விற்பனையாளர் மட்டும், "அம்மா ரொம்ப யோசிக்கிறாங்க" என்று எனக்கு ஒரு நாற்காலி போட்டார். யோசிப்பது ஒரு வியாதி, உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

வேலை முடிந்து பார்த்தால், உண்மையைச் சொல்ல வேண்டும், பளபளவென்றுதான் இருந்தது. குனிந்தால் முகம் தெரிந்தது, என் முகத்தில் இருந்த கேள்வியும் தெரிந்தது. பூச்சு போட்டாயிற்றா என்று கேட்டேன். "எல்லாம் ஆச்சு அண்ணி" என்றார் சித்தப்பா. டைல்ஸ் மேஸ்திரியைப் பார்த்தேன், அவர் தலையாட்டினார். அவர் எதற்குத்தான் தலையாட்டவில்லை, டீ வேண்டுமா என்றாலும் ஆட்டுவார், சுவர் கோணலாக இருக்கிறதே என்றாலும் ஆட்டுவார். அப்படியானால் ஒரு நாள் தண்ணீர் கட்டிப் பார்க்கலாம் என்றேன். "புதுக் கல்லுல போய் தண்ணியக் கட்டுவாங்களா" என்று உன் அப்பா என்னை விநோதமாகப் பார்த்தார். குளியலறையில் தண்ணீர் படக்கூடாது என்ற சட்டம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியவந்தது.

அண்ணனும் தம்பியும் கதவுக்குக் கைப்பிடி வாங்கப் போன காலையில், துளையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிய பழைய துணியை அடைத்தேன், வாசல்படி ஓரம் மணல் பையை அணைகட்டிவிட்டுக் குழாயைத் திறந்தேன். முதல் செய்தியைத் தண்ணீரே சொன்னது. துளை இருக்கும் பக்கம் போகாமல், எதிர்மூலையில் போய்க் கூடி நின்றது, தரைச் சரிவின் வாட்டம் தலைகீழ். ஆனாலும் நிறைய விட்டுக் கணுக்கால் நனையும் வரை தேக்கினேன். வந்து பார்த்தவர்கள் என்னைத் திட்டிவிட்டு, நான் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டதால் ஒன்றும் செய்ய முடியாமல் போய்விட்டார்கள். மறுநாள் போய் அத்தை அறையில் அண்ணாந்து பார்த்தால், வெள்ளைக் கூரையில் ஒரு பெரிய பழுப்புத் திட்டு, அதன் நுனியில் ஒரு சொட்டு, விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டு இருக்கிறது. எல்லோரையும் கூப்பிட்டேன். எல்லோரும் வந்து அண்ணாந்து நின்றபோது மரியாதையாக விழுந்தது, உன் சித்தப்பாவின் கண்ணாடியில்.

இப்போது குற்றவாளி யார் என்று நினைக்கிறாய்? நான்தான். உன் சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "அண்ணி, பாத்ரூம்ல யாராவது இவ்வளவு தண்ணி ஊத்துவாங்களா?" உன் அப்பா அதற்கு மேல். "புதுசா வெள்ளையடிச்ச கூரையக் கெடுத்துட்டியே" என்றார். மேஸ்திரி இரண்டுக்கும் தலையாட்டினார். ஓட்டை அதுவரை இல்லையாம், நான் தண்ணீர் ஊற்றி உண்டாக்கிவிட்டேனாம். அன்றைக்கே சித்தப்பா, தன் மேல் நம்பிக்கை இல்லாத இடத்தில் தனக்கென்ன வேலை என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகப் போன், அண்ணன் தம்பிக்கு நடுவில் நான் புகுந்து பிரித்துவிட்டேன் என்று. கூரையிலிருந்து தண்ணீர் இறங்கியதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அந்த வரிசையில் கடைசிப் போன் உன்னுடையது.

உனக்கு யாரும் சொல்லாத சங்கதி இனிமேல்தான். சித்தப்பா கோபித்துக்கொண்டு போன பிறகு உன் அப்பா மாடியில் தனியாக நின்றிருக்கிறார். கால் வலித்திருக்கிறது. வேலை நடந்த நாளெல்லாம் தம்பி துண்டை விரித்து உட்கார்ந்திருந்த டின்னைத் தன் பக்கம் இழுத்திருக்கிறார், அது நகரவில்லை. காலி டின் ஏன் நகரவில்லை என்று துண்டை எடுத்துப் பார்த்தால், வாயில் ஒட்டிய முத்திரை கிழியாமல் அப்படியே இருக்கிறது. தண்ணீர் இறங்காமல் இருக்க வாங்கிய பூச்சின் மேல் உட்கார்ந்துதான் உன் சித்தப்பா குளியலறையை முழுக்கக் கட்டி முடித்திருக்கிறார். நான் மாடியேறிப் போனபோது உன் அப்பா அந்த டின்னைப் பார்த்தபடி நின்றிருந்தார். நான் ஒன்றும் பேசவில்லை, பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். "மறந்திருப்பான்" என்றார் அவர். தம்பியை அப்போதும் விட்டுக்கொடுக்கவில்லை. கூரைக்கு இன்னொரு கோட்டிங் வெள்ளை அடித்தால் தெரியாது என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே போனார்.

வெள்ளை அடிப்பதற்குள் உன் அத்தை தன் அறையைப் பார்க்க வந்துவிட்டாள். மூச்சு வாங்க நடந்து வந்து, சன்னலைத் திறந்து பார்த்து, அலமாரி நன்றாக இருக்கிறது என்று சொல்லி, அப்புறம் அண்ணாந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "ஏண்டா தம்பி, கட்டில் எங்க வரும்?" என்று கேட்டாள். உன் அப்பா திட்டுக்கு நேர் கீழே கையைக் காட்டினார், வேறு எங்கேயும் கட்டில் பிடிக்காது. "பரவாயில்லடா, நான் அதிகம் மேல பாக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். அவள் கேலிக்குச் சொல்லவில்லை, அவளுக்குக் கேலி வராது. தனக்கு ஓர் இடம் கிடைத்ததே பெரிது என்று நினைக்கிறவள். அவளை வண்டியேற்றிவிட்டு வந்த உன் அப்பா, நேராகச் சுத்தியலை எடுத்துக்கொண்டு மாடியேறினார். முதல் கல்லை அவர்தான் உடைத்தார். சத்தம் கேட்டு ஓடினேன், உன் கறுப்புக் கண்ணாடிக் கல் நடுவில் நட்சத்திரம் போல விரிந்து கிடந்தது. என்னைத் திரும்பிப் பார்க்காமலே அடுத்ததையும் உடைத்தார்.

மறுபடி செய்தபோது நான்தான் நின்றேன். டின்னை முதல் வேலையாகத் திறக்கச் சொன்னேன், உட்காருவதற்கு யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. தரை முழுக்க, மூலை முழுக்க, குழாய் இறங்கும் ஓட்டையைச் சுற்றி, சுவரில் இடுப்பளவு வரை பூசி, காய்ந்ததும் குறுக்காக இன்னொரு தடவை. மேஸ்திரி அப்போது, "எனக்கு அப்பவே தோணுச்சும்மா" என்றார். தோன்றியதைச் சொல்ல வாய் எதற்கு, தலைதான் இருக்கிறதே என்றேன், அதற்கும் ஆட்டினார். கல் பதிக்கும் முன்பே தண்ணீரைத் தேக்கினோம். இந்த முறை உன் அப்பா கீழே அத்தை அறையில் நாற்காலி போட்டு, கட்டில் வரப்போகும் இடத்தில், கூரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டால் தட்டை அங்கேயே கொண்டுவரச் சொன்னார். கழுத்துப் பிடித்துக்கொண்டு தைலம் தேய்க்க வேண்டியதாயிற்று. மறுநாளும் கூரை காய்ந்த அப்பளம் போலத்தான் இருந்தது.

நான் உன் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன், சாரி சொல்ல இல்லை, வந்து பார்க்கச் சொல்ல. வந்தார். மேலே தண்ணீரைப் பார்த்தார், கீழே கூரையைப் பார்த்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று நடந்தார். "நான்தான் ஆரம்பத்துலயே சொன்னேனே அண்ணே, நல்ல பூச்சா வாங்கிட்டா பயமில்லன்னு" என்றார். உன் அப்பா கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பி, "நீ சொல்லலடா. அவதான் சொன்னா. நாம கேக்கல" என்றார். அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் தன் தம்பி எதிரில் என் பக்கம் நின்று ஒரு வாக்கியம் பேசியது அதுதான் முதல் தடவை. நான் டீ போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டேன், அடுப்பைப் பற்றவைக்காமலே கொஞ்ச நேரம் நின்றேன். இதற்காக நீ அவரைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்ள வேண்டாம், அன்று சாயங்காலமே, "கூரை விஷயத்துல நாம எடுத்த முடிவு சரிதான்" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். உன் சித்தப்பா டீயைக் குடித்துவிட்டு, இனிப்பு கம்மி என்று சொல்லிவிட்டு, இப்போது தினமும் வந்துகொண்டுதான் இருக்கிறார். ஆக நீ சொன்ன சாரி யாருக்கும் தேவைப்படவில்லை. தரைக்குச் சொரசொரப்பான சின்னக் கல், வெளிறிய சாம்பல் நிறம், கால் வழுக்காது, நல்ல வாட்டம். உன் படத்தில் இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பூச்சாடி இடத்தில் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க ஒரு கம்பி வைத்திருக்கிறேன். துண்டுக்கு ஆணியும் உண்டு.

நேரத்துக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள், இருவரும் நூறாண்டு நன்றாக இருங்கள். மறக்காமல் ஒன்று. படுக்கையறை அலமாரிப் பக்கம் பூஞ்சை வாடை வருகிறது என்று மருமகள் உன்னிடம் மூன்று மாதமாகச் சொல்கிறாளாம், அது அவள் கற்பனை என்று நீ சிரிக்கிறாயாம், நேற்று அவளாகவே என்னிடம் பேச்சுவாக்கில் சொன்னாள். அந்தச் சுவருக்குப் பின்னால் உங்கள் குளியலறைதானே இருக்கிறது. இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய், அலமாரியை நகர்த்திப் பார். பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்ய வேண்டாம், அவளிடம் போய்ச் சொல்.

என்றும் உன் நலம் நாடும்,
அதிகமாகத் தண்ணீர் ஊற்றும்
அம்மா